ஒரு கைப்பிடி ஓட்ஸ்

பார்க் கேட் வீடு, வென்னிங்டன், ஷ்ராப்ஷயர்
6 செப்டம்பர் 1953

அன்புள்ள மேவிஸ்,

உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீக்கம் வடிந்ததா? டாக்டர் படுத்திரு என்றால் படுத்தே இரு. உன் மாமியார் நாலு தட்டு கழுவினால் தேய்ந்து போய்விட மாட்டார். போன தடவை குழந்தை தவறிப்போனபோது பட்டதெல்லாம் போதும், இந்தத் தடவை நல்லபடியாகக் கையில் வாங்க வேண்டும். ஸ்டானின் படகு மறுபடியும் கிளம்பிவிட்டதா?

இங்கே மூவரும் சுகம். வில்ஃபுக்குக் குவாரித் தூசியால் கொஞ்சம் இருமல், அதைச் சாக்கு வைத்து ராத்திரி ஒரு கிளாஸ் கூடுதலாகக் குடிக்கிறார்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பெக்கியும் நானும் தினமும் மான் பூங்கா வழியாகத்தான் போகிறோம். பெரணிப் புதரெல்லாம் ஓரத்தில் பழுக்கத் தொடங்கியிருக்கிறது. 'கிழட்டுப் பாதிரி' என்று நாம் பேர் வைத்த ஓக் மரத்தின் பொந்தில் ஆந்தை மறுபடி குடிவந்திருக்கிறது. பெக்கி தினமும் பொந்துக்குள் தலையை நீட்டி, "குட் மார்னிங் பாதிரியாரே"ன்னு கத்திவிட்டுத்தான் நகர்வாள். குளத்தோரம் அந்த ஒற்றை நாரை இன்னும் நிற்கிறது, நீ போன அன்று நின்ற அதே இடத்தில்.

நீ வளர்த்த மான், உன் செல்லப்பிள்ளை பட்டன் ஜோராக இருக்கிறான். கொம்பு முற்றி மேல்தோல் உரிந்துவிட்டது. பூங்காவுக்குச் சொந்தக்காரரான பெரிய வீட்டு அம்மா தன் விருந்தாளிகளை எல்லாம் கூட்டிவந்து அவனைக் காட்டுகிறாராம். புட்டிப் பால் குடித்த பயலுக்கு வந்த வாழ்வைப் பார்! பெக்கி கையிலிருந்து ஆப்பிளைத் தின்றுவிட்டு நெற்றியால் கொஞ்சம் முட்டினான். இப்போது வளர்ந்துவிட்டான் இல்லையா, கொஞ்சலாக முட்டினாலே கொஞ்சம் பலமாக இருக்கிறது.

நாளைக் காலை போகிற வழியில் இதைச் சர்ச் சுவர்ப் பெட்டியில் போடுகிறேன்.

உன் அக்கா ஹில்டா


ஹல்
11 செப்டம்பர்

என் ஹில்டா,

படுத்தேதான் இருக்கிறேன், தாயே! கூரையில் எத்தனை விரிசல் என்று எனக்கு மனப்பாடம். ரத்த அழுத்தம் கூடக் கூடாதாம், மனசில் எதையும் போட்டுக்கொள்ளக் கூடாதாம். மீன் பிடிக்கப் போன மனுஷனைக் கட்டிக்கொண்டவளிடம் சொல்கிற பேச்சா இது? ஸ்டான் போய் ஒரு வாரம் ஆகிறது. காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே இந்தத் தெரு முழுக்கப் பெண்கள் ஜன்னலில் நிற்கிறார்கள். நான் எழுந்து நின்றால் மாமியார், "படு, நீ பாத்தா காத்து நின்னுடப் போவுதா?"ன்னு கத்துகிறார். ஆனால் அவரும் இன்னொரு ஜன்னலில்தான் நிற்கிறார்.

நீ உன் நடையைப் பற்றி எழுதினால் எனக்கு மருந்து குடித்த மாதிரி. இங்கே மரம் என்று சொல்ல மின்கம்பம்தான் இருக்கிறது.

என் பட்டன் முட்டினானா? திமிர் பிடித்தவன்! வேலியில் கிழித்துக்கொண்ட இடது காது அப்படியேதான் இருக்கிறதா? அந்த கோகோ டப்பாவில் ஓட்ஸ் போட்டு உன் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேனே, அதைக் குலுக்கு. பூங்காவின் எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வருவான். உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள். ஓட்ஸ் தீர்ந்ததும் இன்னும் கொடு என்று விரல் நுனியைக் கடிப்பான். வெடுக்கென்று இழுக்காதே, அவனுக்கு மனசு ஒடிந்துவிடும்.

குழந்தை பிறந்ததும் முதல் வேலையாக அங்கே கொண்டுவந்து அவனிடம் காட்டப் போகிறேன். அந்த வருஷம் அவன் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று உனக்குத்தான் தெரியும்.

வில்ஃபை இருமல் மருந்தைக் குறைக்கச் சொல்.

முத்தங்களுடன், மேவிஸ்


பார்க் கேட் வீடு
30 செப்டம்பர்

அன்புள்ள மேவிஸ்,

நலம்தானே? பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ப்ளாக்பெர்ரி ஜாம், ஆப்பிள் என்று வேலைக்கு மேல் வேலை. பெக்கிக்குச் சளி, நாலைந்து நாள் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. இப்போது சரியாகிவிட்டது. ரோடு வழியாகக் கூட்டிப் போகிறேன். சுற்றுதான், ஆனால் நல்ல நடை, உடம்புக்கு நல்லது.

பூங்காவில் இணை தேடும் ஆண்மான்களின் கத்தல் ஆரம்பித்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கிறது. ஒவ்வொரு வருஷமும் கேட்பதுதான், இந்த வருஷம் என்னவோ பக்கத்தில் கேட்கிற மாதிரி இருக்கிறது. துணி காயப்போடத் தோட்டத்துக்குப் போனால் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வயசாகிறது எனக்கு, வேறென்ன.

உனக்காகக் குட்டிச் சட்டை ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் நூல். பையனோ பெண்ணோ, இரண்டுக்கும் ஆகும்.

ஹில்டா


ஹல்
3 அக்டோபர்

ஹில்டா,

எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். உனக்கு என்ன ஆயிற்று?

ரோடு வழியாக நடையா! வீட்டுச் செருப்போடு, தலையில் சுருள் கிளிப்போடு பூங்காவைக் கடந்து போய்த் தபால் போடுகிறவள் நீ. உன் கடிதத்தில் இருக்கும் தபால் முத்திரை வென்னிங்டன் இல்லை. வில்ஃபின் குவாரிப் பக்கத்து ஊர். அப்படியென்றால் நீ சர்ச் பெட்டிக்குப் போகவில்லை, வில்ஃபிடம் கொடுத்துவிட்டிருக்கிறாய். சும்மா படுத்துக் கிடப்பவளுக்கு இதையெல்லாம் பார்க்க நேரம் இருக்கிறது, பார்த்துக்கொள்.

முக்கியமாக, பட்டனைப் பற்றி ஒரு வரி இல்லை. உன் கடிதத்தில் அவன் இல்லாமல் இருந்ததே கிடையாது. அவனுக்குக் காயமா? அந்த மான்காவலர் கிரிம்ஷா ஏதாவது செய்துவிட்டாரா? குட்டியாகத் தூக்கி வந்த நாளிலிருந்து அந்த மனுஷனுக்கு அவன்மேல் கண்.

ஸ்டான் படகிலிருந்து இன்னும் தகவல் இல்லை. இரண்டு பேருக்காக ஒரே நேரத்தில் பயப்பட என்னால் முடியாது. தயவுசெய்து ஒரு தடவை போய் அவனைப் பார்த்துவிட்டு வந்து எழுது. எனக்காக. ஒரு ஆப்பிள் கொடு, நான் கொடுத்ததாகச் சொல். அவ்வளவுதான் கேட்கிறேன்.

மேவிஸ்


பார்க் கேட் வீடு
13 அக்டோபர்

மேவிஸுக்கு,

நலம் விசாரிக்கிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் உன் அக்காவுக்கே இரண்டுதான் எழுதினேன், இரண்டிலும் வானிலைதான் இருந்தது. நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

ஹில்டாவுக்கு விலா எலும்பு இரண்டு விரிசல் விட்டிருக்கிறது. கட்டுப் போட்டிருக்கிறார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை. பெக்கிக்கு ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் பிள்ளை வாயைத் திறந்து பேசுவதே குறைந்துவிட்டது. எட்டு வயசில் படுக்கையை நனைக்கிறாள். பூங்காப் பக்கத்து ஜன்னல் திரையைத் திறக்கவிடுவதில்லை.

ஒரு ஆண்மான் இரண்டு பேரையும் பாதிரி மரத்துப் பொந்துக்குள் விரட்டி அடைத்துப்போட்டது. நான் வேலை முடிந்து வந்தால் அடுப்பு அணைந்து கிடக்கிறது, வீட்டில் ஆள் இல்லை. லாந்தரும் வாணலியுமாகத் தட்டிக்கொண்டு போனேன். லாந்தரைக் கண்டு அது ஒதுங்கியது. அந்த இருட்டில் எனக்கு உருவம்தான் தெரிந்தது.

கிரிம்ஷா வந்து கேட்டார். "அம்மா, எந்த மான்னு சொல்லுங்க. காது கிழிஞ்சதா? சந்தேகத்துக்கெல்லாம் சுட்டா பெரிய வீட்ல என்னைத் தொலைச்சிடுவாங்க." இவள், "பனிமூட்டமா இருந்துச்சு, பாக்கல"ன்னு சொல்லிவிட்டாள். மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் அதே பதில். பார்த்தாள், மேவிஸ். ஆப்பிள் எடுத்துக்கொண்டு போனவள் யாரைப் பார்க்கப் போனாள் என்று உனக்கும் தெரியும்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். உன் டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. இதைப் படித்து உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மூஞ்சியில் நானே முழிக்க முடியாது. ஆனால் 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்து ஓக் கொட்டை நாள். மொத்தப் பிள்ளைகளும் கோணிப்பையோடு, பன்றிகளுக்காகக் கொட்டை பொறுக்க, அந்த மரத்தடிக்குத்தான் போகப் போகிறார்கள். அவன் நிற்பதும் அங்கேதான்.

நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீ சொன்னால் கேட்பாள்.

வில்ஃப்


ஹல்
15 அக்டோபர்

ஹில்டா,

வில்ஃபைத் திட்டாதே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, குழந்தை உதைத்துக்கொண்டுதான் இருக்கிறது. மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

நடந்ததை நீயே எழுது. முழுசாக எழுது. நீ மறைத்தால் நான் இங்கே படுத்துக்கொண்டு அதைவிட மோசமாகக் கற்பனை செய்வேன்.

விலா வலிக்கிறதா? இருமாதே. சிரிக்காதே.

மேவிஸ்


பார்க் கேட் வீடு
18 அக்டோபர்

அன்புள்ள மேவிஸ்,

நீ நன்றாக இருக்கிறாய் என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. வில்ஃபோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு பாவமாக இருந்தது.

கேட்டாய், எழுதுகிறேன். செப்டம்பர் கடைசியிலேயே ஒரு நாள் பாதையை மறித்துக்கொண்டு நின்றான். தலையைக் கவிழ்த்துக் கொம்பால் மண்ணைக் கிளறினான். நான் "பட்டன், போடா"ன்னு சொன்னேன், போகவில்லை. பின்னாலேயே வேலிப் படி வரைக்கும் வந்தான். அன்றிலிருந்துதான் ரோடு வழி.

உன் கடிதம் வந்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. வியாழக்கிழமை பெக்கியைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு அப்படியே பூங்கா வழியாக வந்தேன். பிள்ளையை ஏன் கூட்டிப் போனேன் என்று என்னையே கேட்டு மாய்கிறேன். நம்ம பட்டன்தானே என்று நினைத்தேன். கையில் ஆப்பிள். பனிமூட்டம் பெரணிக்கு மேலே இடுப்பளவு நின்றது. முதலில் நாற்றம்தான் வந்தது, சேறும் ஆட்டுக்கிடாயும் கலந்த நாற்றம். பிறகு கத்தல். அது காதில் கேட்கிற சத்தம் இல்லை மேவிஸ், வயிற்றில் கேட்கிற சத்தம்.

மற்ற ஆண்மான்கள் எல்லாம் மனித வாடை பட்டதும் ஓடிவிட்டன. இவன் மட்டும் ஓடவில்லை. நேராக என்னைப் பார்த்து நடந்து வந்தான். ஓடவில்லை, நடந்துதான் வந்தான். நான் ஆப்பிளை நீட்டி, "மேவிஸ் குடுத்தா"ன்னு சொன்னேன். சொன்ன வாய் மூடவில்லை, கீழே கிடந்தேன். பெக்கி வீரிட்டாள். பிள்ளையைத் தூக்கிப் பொந்துக்குள் எறிந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நானும் எப்படியோ நுழைந்துவிட்டேன்.

அப்புறம் அவன் போகவே இல்லை. பொந்து வாசலில் கொம்பைத் தேய்த்துக்கொண்டு நின்றான். பட்டை உதிர்ந்து தலையில் விழுந்தது. பெக்கி என் கழுத்தை இறுக்கிக்கொண்டு, "அம்மா, அவனுக்கு நம்மளத் தெரியலையா?"ன்னு கேட்டாள். நான், "இருட்டுல்ல, தெரியல"ன்னேன். தெரிந்தது மேவிஸ். அதுதான் எனக்குப் பயம். தெரிந்துதான் செய்தான். கையை நீட்டினால் கிழிந்த காதைத் தொடலாம், அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

கிரிம்ஷாவிடம் நான் சொல்லவில்லை. நீ குழந்தையைப் பறிகொடுத்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தபோது, உன்னை எழுப்பிப் புட்டியில் பால் காய்ச்ச வைத்தது அவன். அதை நான் பார்த்திருக்கிறேன். அவனை என் வாயால் எப்படிக் காட்டிக்கொடுப்பேன்? சொல்லாமலும் தூக்கம் இல்லை. ஓக் கொட்டை நாளை நினைத்தால் கை நடுங்குகிறது. எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

ஹில்டா


ஹல்
20 அக்டோபர்

என் ஹில்டா,

உன் எழுத்தைப் பார்த்தேன். இப்போது என் எழுத்தையும் பார். பரவாயில்லை, இரண்டு பேருக்கும் ஒரே கை.

அந்த ஜூன் மாதம் பெரணிக்குள் அவன் சுருண்டு கிடந்தபோது, "தாயி பக்கத்துலதாம்மா மேயும், சாயங்காலம் வந்து பால் குடுக்கும், வெச்சிட்டு வாங்க"ன்னு கிரிம்ஷா சொன்னார். தாய் இல்லை, அனாதை என்று நான் சாதித்தேன். எனக்கு அவன் அனாதையாக இருக்க வேண்டியிருந்தது. "ஆண்குட்டிம்மா. மனுஷங்களைப் பாத்து பயப்படாத ஆண்மான்தான் ஆளைக் கொல்லும்"ன்னும் சொன்னார். அவர் பொறாமையில் பேசுகிறார் என்று நினைத்தேன். மனுஷரைக் கண்டு ஓட வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்க இருந்த ஒரே ஆளான அவன் தாயை விட்டு நான் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது எல்லாரும் அவனுக்குப் போட்டிக்கு நிற்கும் இன்னொரு ஆண்மான்தான்.

கிரிம்ஷாவிடம் சொல். இடது காது. இன்றைக்கே சொல்.

நீ சொன்னதாக இருக்க வேண்டாம். மேவிஸ் சொல்லச் சொன்னாள் என்று சொல்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், ஹில்டா. அந்த ஓட்ஸ் டப்பாவை எடுக்கவிடாதே. துப்பாக்கிக்கு முன்னால் அவனை அப்படிக் கூப்பிட்டு நிறுத்த வேண்டாம். எங்கேயோ மேய்ந்துகொண்டிருக்கும்போது, தெரியாமல், தூரத்திலிருந்து. அப்படியே நடக்கட்டும். இது ஒன்றுதான்.

ஸ்டானின் படகு ஐஸ்லாந்துப் பக்கம் புயலுக்கு ஒதுங்கியிருக்கிறதாம். பத்திரமாக இருக்கிறார்களாம். அழுதுவிட்டேன், எதற்கு என்று தெரியவில்லை.

பெக்கியை அணைத்துக்கொள்.

மேவிஸ்


பார்க் கேட் வீடு
29 அக்டோபர்

அன்புள்ள மேவிஸ்,

உடம்பு எப்படி? ஸ்டான் திரும்பிவிட்டாரா? பதில் தாமதம், மன்னித்துவிடு.

முடிந்துவிட்டது. நேற்றுக் காலை. நீ சொன்ன மாதிரியேதான் நடந்தது. அவன் குளத்துக்கு அந்தப் பக்கம், தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தான். ஒரே குண்டு. அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் வீட்டுக்குள்தான் இருந்தேன், சத்தம் மட்டும் கேட்டது. கிரிம்ஷா தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அந்த மனுஷன் அழுவார் என்று நான் நினைத்ததே இல்லை. கொம்பு வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், சரிதானே? பாதிரி மரத்துக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டார்.

டப்பா அலமாரியில்தான் இருக்கிறது.

நாளைக்குப் பிள்ளைகள் கொட்டை பொறுக்கப் போகிறார்கள். பெக்கியும் போகிறாளாம். நேற்று ராத்திரி படுக்கை நனையவில்லை. இந்தக் கடிதத்தையும் அவளே கொண்டுபோய்ப் போடுகிறேன் என்று அடம்பிடிக்கிறாள். தனியாக, பூங்கா வழியாக. விடலாமா என்று வில்ஃபைக் கேட்டேன். அவர், "விடு. இன்னிக்கு விடலேன்னா என்னிக்கும் போமாட்டா"ன்னு சொல்கிறார். விடுகிறேன். அவள் திரும்பி வரும்வரை வேலிப் படியிலேயே நிற்பேன்.

என் விலா பரவாயில்லை.

ஹில்டா

(உறையின் பின்பக்கம், பென்சிலால்:)

சித்தி, நான் பெட்டிகிட்ட நின்னு எழுதறேன். மூணு நாளா கிரிம்ஷா மாமாவால சுட முடியல, பட்டனைச் சுத்தி நிறைய பொம்பள மான் நின்னுச்சு. அப்புறம் அம்மா கொல்லைக் கேட்டைத் திறந்து வெளிய போய் டப்பாவைக் குலுக்கினாங்க. பட்டன் ஓடி வந்தான். முட்டவே இல்ல. அம்மா கையிலேருந்து சமத்தா சாப்பிட்டான். அம்மா அவன் காதுல உங்க பேரைச் சொல்லிட்டு மெதுவா பின்னால நகந்து வந்தாங்க. நான் ஜன்னல்லேருந்து பாத்தேன். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டேன். வரும்போது பாதிரியாருக்கு குட் மார்னிங் சொன்னேன். பெக்கி.


ஹல்
2 டிசம்பர்

என் ஹில்டா,

பையன். வெள்ளிக்கிழமை பிறந்தான். பத்து விரலும் பத்திரம், தொண்டை மட்டும் உன் வில்ஃபுடையது. ஸ்டான் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தொடவே பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மஞ்சள் சட்டை சரியாக இருக்கிறது. வசந்தம் வந்ததும் கொண்டுவருகிறேன், பெக்கி எங்களைப் பூங்கா வழியாகக் கூட்டிப் போகட்டும்.

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. உன் கடிதத்தைத் தினமும் எடுத்துப் படித்தேன். தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தான், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நீ எழுதியிருந்தாய். அது எனக்குப் பெரிய ஆறுதல், ஹில்டா. நீ எழுதியபடியே நம்புகிறேன்.

விலா ஆறிவிட்டதா? உன் கை எப்படி இருக்கிறது? ஓட்ஸ் தீர்ந்ததும் அவன் விரல் நுனியைக் கடித்திருப்பானே. நீ கையை வெடுக்கென்று இழுத்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

என்றும் உன்,
மேவிஸ்